வீட்டைக் கட்டியவர்களும் வீட்டைக் காத்தவர்களும்: ஒரு பயிற்சியின் வரலாறு



கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு தொழிற்சாலைக்கு முதல் நாள் வேலைக்குப் போகிறவரை நேராக இயந்திரத்தின் முன் கொண்டுபோய் நிறுத்திவிட மாட்டார்கள். ஹெல்மெட், ஷூ, தீ அணைப்பான், அவசர வழி என்று பாதுகாப்பு வகுப்பு முடிந்த பிறகுதான் ஷாப் ஃப்ளோருக்கு அனுப்புவார்கள். வங்கியிலும் பள்ளிக்கூடத்திலும் இதே கதைதான். பேருந்து நடத்துநருக்குக்கூடப் பயிற்சி உண்டு. ஆனால் நூறு குடும்பங்கள் குடியிருக்கும் ஒரு வளாகத்தின் தண்ணீர், மின்சாரம், லிஃப்ட், கழிவுநீர், லட்சக்கணக்கான ரூபாய் மெயின்டனன்ஸ் பணம் இத்தனையையும் பார்த்துக்கொள்ளும் சங்கச் செயலாளருக்கும் பொருளாளருக்கும் யார் பயிற்சி தருகிறார்கள்? பொதுக்குழுவில் கை தூக்குகிறோம், மாலை போடுகிறோம், மறுநாள் காலை சாவிக்கொத்தைக் கையில் கொடுத்துவிடுகிறோம்.

இந்தக் கேள்வி நமக்கு மட்டும் வந்ததல்ல. லாப நோக்கமில்லாமல் வீட்டு வசதி செய்து கொடுக்க முன்வந்த எல்லோருக்கும் இது ஏறத்தாழ 160 ஆண்டுகளாக வந்துகொண்டே இருக்கிறது. வீட்டைக் கட்டுவது ஒரு வேலை, கட்டிய வீட்டை வாழத் தகுந்ததாக வைத்திருப்பது வேறொரு வேலை. இரண்டாவது வேலையையும் கற்றுக்கொண்டுதான் செய்ய வேண்டும் என்று உலகம் எப்படித் தெரிந்துகொண்டது, நம் மாநிலம் எப்படித் தெரிந்துகொண்டது, நாம் எங்கே நிற்கிறோம் என்பதை இந்த இதழில் பார்ப்போம்.

வாடகை வாங்கப் போன பெண்கள்

1865-ம் ஆண்டு. லண்டனின் மேரில்போன் பகுதியில் பாரடைஸ் பிளேஸ் என்று ஒரு சந்து. பெயரில்தான் சொர்க்கம். உள்ளே போனால் உடைந்த படிக்கட்டு, ஒழுகும் கூரை, அடைத்துக்கொண்ட சாக்கடை. அங்கே மூன்று வீடுகளை எழுத்தாளர் ஜான் ரஸ்கின் தன் பணத்தில் வாங்கி, ஆக்டேவியா ஹில் என்ற இளம்பெண்ணிடம் ஒப்படைத்தார். போட்ட பணத்துக்கு ஐந்து சதவீதத்துக்கு மேல் ஆசைப்படக் கூடாது, மிச்சம் வருவதெல்லாம் வீட்டுக்கே என்பது ஏற்பாடு.

ஆக்டேவியா ஹில் புதிதாகக் கட்டடம் எதுவும் எழுப்பவில்லை. வாரா வாரம் வாடகை வாங்க நேரில் போனார். போன இடத்தில் ஒழுகலைப் பார்த்தார், சாக்கடையைப் பார்த்தார், குடும்பத்தின் நிலைமையையும் கேட்டுத் தெரிந்துகொண்டார். பழுது பார்ப்பதற்கென்று ஒரு தொகையைத் தனியாக ஒதுக்கினார். அந்த ஆண்டு உடைப்பும் சேதமும் குறைந்து பணம் மிஞ்சினால், அதை எதற்குச் செலவிடலாம் என்று குடியிருப்பவர்களிடமே கேட்டார். நம் சங்கத்தில் சிங்கிங் ஃபண்ட், கார்பஸ் ஃபண்ட் என்று பேசுகிறோமே, அதன் பின்னால் இருக்கும் எண்ணம் ஏறக்குறைய இதுதான்.

வீடுகள் கூடக் கூட, அவர் ஒருவரால் எல்லா இடத்துக்கும் போக முடியவில்லை. உதவிக்குப் பெண்கள் வந்தார்கள். நல்ல மனம் மட்டும் இருந்தால் இந்த வேலை ஓடாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. கணக்கு எழுதத் தெரிய வேண்டும், குழாய் ரிப்பேருக்கு எவ்வளவு ஆகும் என்று தெரிய வேண்டும், சட்டம் தெரிய வேண்டும், கெஞ்சாமலும் மிரட்டாமலும் பாக்கி கேட்கத் தெரிய வேண்டும். புதிதாக வருகிறவரை அனுபவப்பட்டவருடன் வீடு வீடாக அனுப்பிப் பழக்கினார். 1884 முதல் இங்கிலாந்துத் திருச்சபையின் சொத்துகளைக் கவனித்த ஆணையம் தன் குடியிருப்புகள் சிலவற்றையும் இவரிடம் விட்டது.

அவரிடம் குறைகளும் இருந்தன. ஏழைகளுக்கு நல்லது எது என்று தனக்கே தெரியும் என்ற கண்டிப்பு அவரிடம் அதிகம். அரசோ நகராட்சியோ வீடு கட்டிக் கொடுப்பதை அவர் விரும்பவில்லை. பின்னால் வந்த காலம் அந்தக் கருத்தை ஏற்கவில்லை. ஆனால் குடியிருப்பு நிர்வாகம் படித்துப் பழகிச் செய்ய வேண்டிய ஒரு தொழில் என்ற கருத்து நிலைத்துவிட்டது. அவர் 1912-ல் மறைந்தார். நான்கே ஆண்டுகளில், 1916-ல், அவர் வழியில் வந்த பெண்கள் தங்களுக்கென்று ஒரு தொழில்முறைச் சங்கம் அமைத்தார்கள். அந்த மரபு பல மாற்றங்களுக்குப் பிறகு இன்றைய பிரிட்டனின் சார்ட்டர்ட் இன்ஸ்டிட்யூட் ஆஃப் ஹவுசிங் என்ற அமைப்பில் கலந்திருக்கிறது.

எம்டன் மூழ்கடித்த கண்காட்சி

லண்டன் கதைக்கும் மெட்ராஸுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சம்பந்தம் உண்டு. நடுவில் எம்டனும் வருகிறது.

ஸ்காட்லாந்துக்காரரான பேட்ரிக் கெடஸ், எடின்பரோவில் 1885-ல் ஒரு சமூக அமைப்பைத் தொடங்கி, ஆக்டேவியா ஹில்லின் முறைப்படி பழைய வீடுகளைச் சீர்செய்து நிர்வகிக்க வழி செய்தவர். பிற்காலத்தில் நகரமைப்பு அறிஞராகப் பெயர் பெற்றார். மெட்ராஸ் கவர்னர் பென்ட்லண்ட் பிரபு அழைத்ததால் 1914-ல் இந்தியாவுக்குக் கிளம்பினார். நகரங்களைப் பற்றி அவர் வருடக்கணக்கில் சேர்த்து வைத்திருந்த வரைபடங்கள், படங்கள், மாதிரிகள் எல்லாம் கிளான் கிராண்ட் என்ற கப்பலில் தனியாக வந்தன.

1914 செப்டம்பர் 22 இரவு மெட்ராஸ் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகள்மீது குண்டு வீசிய எம்டனை நம் ஊரில் யாரும் மறக்கவில்லை. கெட்டிக்காரனை இன்றைக்கும் எம்டன் என்றுதான் சொல்கிறோம். அதே எம்டன் அடுத்த மாதம் கிளான் கிராண்டையும் மூழ்கடித்தது. கெடஸின் உழைப்பு முழுவதும் கடலுக்குப் போனது. இங்கிலாந்திலிருந்த நண்பர்கள் அவசரமாக வேறு படங்களைத் திரட்டி அனுப்பினார்கள். 1915 ஜனவரியில் மெட்ராஸில் கண்காட்சி திறக்கப்பட்டது, அதோடு சொற்பொழிவுகளும் நடந்தன. நகரத்தையும் வீட்டையும் எப்படிப் பார்ப்பது என்று சொல்லித்தந்த, நம் மண்ணின் ஆரம்பகாலப் பயிலரங்குகளில் ஒன்று என்று அதைச் சொல்லலாம்.

பிறகு கெடஸ் மதுரை, தஞ்சாவூர் உட்பட மெட்ராஸ் மாகாண ஊர்கள் பலவற்றைச் சுற்றிப் பார்த்து அறிக்கைகள் எழுதினார். நெரிசலான தெருவை நேராக்குகிறேன் என்று வீடுகளை வரிசையாக இடித்துத் தள்ளும் அதிகாரிகளை அவர் கடுமையாக எதிர்த்தார். நல்ல வைத்தியர் கையை வெட்டிவிட்டு நோய் தீர்ந்தது என்று சொல்ல மாட்டார். கெட்டதை மட்டும் எடுத்து நல்லதைக் காப்பாற்றும் அறுவை சிகிச்சைதான் ஊருக்கும் வேண்டும் என்பது அவர் வாதம். அதற்கு முதலில் தெருத் தெருவாக நடக்க வேண்டும், வீட்டுக்காரரிடம் பேச வேண்டும், அதன் பிறகுதான் வரைபடம். 1920-ல் மெட்ராஸ் நகரமைப்புச் சட்டம் வந்தது. சட்டம் வந்த வேகத்தில் தெருவில் நடந்து பார்க்கும் பழக்கம் வந்ததா என்பது வேறு கேள்வி.

கூட்டுறவு கற்றுத்தந்த பாடம்

1904-ல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அதே ஆண்டில்தான் நம் டி.யூ.சி.எஸ். என்ற திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கமும் தொடங்கியது. 1909-ல் பெங்களூரில் வீடு கட்டுவதற்கான கூட்டுறவுச் சங்கம் ஒன்று உருவானது. இந்தியாவின் முதல் வீட்டுவசதிக் கூட்டுறவு என்று அதைக் குறிப்பிடுவது வழக்கம். 1912-ல் சட்டம் விரிவானதும் கடன் தவிர மற்ற காரியங்களுக்கும் சங்கம் அமைக்க வழி பிறந்தது.

சங்கங்கள் பெருகின, கூடவே சிக்கல்களும் பெருகின. 1915-ல் கூட்டுறவு இயக்கத்தை ஆராய்ந்த மெக்லகன் குழு, உறுப்பினர்களுக்குக் கூட்டுறவு என்றால் என்னவென்றே புரியாமல் சங்கம் நடத்துவது ஆபத்து என்று எச்சரித்தது. ஆனால் நாடு தழுவிய ஒழுங்கான பயிற்சிக்கு விடுதலைக்குப் பிறகும் காத்திருக்க வேண்டியிருந்தது. 1953-ல் மத்திய அரசும் ரிசர்வ் வங்கியும் சேர்ந்து கூட்டுறவுப் பயிற்சிக்கென ஒரு மத்தியக் குழுவை அமைத்தன. அதன் வழியாக வட்டாரப் பயிற்சி நிலையங்கள் வந்தன, அவற்றில் ஒன்று மெட்ராஸில் இருந்தது. 1969-ல் வீட்டுவசதிக் கூட்டுறவுகளுக்கெனத் தேசிய இணையம் ஏற்பட்டது. பயிற்சி வகுப்புகளும் கருத்தரங்குகளும் நடத்துவது அதன் பணிகளில் ஒன்று.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். இந்தப் பயிற்சிகள் பெரும்பாலும் சம்பளம் வாங்கும் ஊழியருக்கும் துறை அதிகாரிக்கும்தான் முழுமையாகப் போய்ச் சேர்ந்தன. இயக்குநராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவருக்குப் பெயருக்கு ஒரு நாள் வகுப்பு, சாதாரண உறுப்பினருக்கு அதுவும் இல்லை. விளைவு என்ன? கணக்கு தெரிந்தவர் ஒருவர், அவர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டுபவர்கள் மீதிப்பேர். தப்பு நடந்தால் கண்டுபிடிக்க ஆளில்லை. நல்லது நடந்தாலும் அவருக்குப் பின் அதைத் தொடர ஆளில்லை. பல வீட்டுவசதிச் சங்கங்கள் ஒரு மனிதரோடு எழுந்து அவரோடே அடங்கிப்போனதற்கு இது ஒரு முக்கியக் காரணம். நம்மைப் போன்ற நலச் சங்கங்களிலும் இதே நோய் இருக்கிறதா இல்லையா என்று நீங்களே சொல்லுங்கள்.

வாரியமும் வகுப்பறையும்

1970-ம் ஆண்டு வீட்டுவசதி வரலாற்றில் முக்கியமானது. டெல்லியில் ஹட்கோ நிறுவனம் தொடங்கியது. இங்கே தமிழ்நாடு குடிசை மாற்று வாரியம் பிறந்தது. அடுத்த ஆண்டு அதற்கான சட்டமும் வந்தது. தீப்பிடிக்காத, தண்ணீர் புகாத மாடி வீடு ஏழைக்கு வேண்டும் என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இருக்க முடியாது. வாரியத்தில் பொறியாளர்கள் இருந்தார்கள், அடுக்குமாடிகள் எழுந்தன. ஆனால் குடிசையில் தரையில் வாழ்ந்து பழகிய குடும்பம் மூன்றாம் மாடிக்குப் போனதும் படிக்கட்டு விளக்கை யார் போடுவது, மேல்நிலைத் தொட்டியை யார் கழுவுவது, குப்பையை யார் இறக்குவது என்ற கேள்விகளுக்குப் பொறியியல் புத்தகத்தில் பதில் இல்லை.

1977-ல் உலக வங்கி உதவியோடு சென்னை நகர வளர்ச்சித் திட்டம் வந்தபோது பார்வை கொஞ்சம் மாறியது. அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் பகுதிகளில் மனையும் சாலையும் தண்ணீரும் கொடுத்து, வீட்டை அவரவர் வசதிப்படி கட்டிக்கொள்ள விட்டார்கள். குடிசைப் பகுதிகளை இடிக்காமல் அங்கேயே வசதி செய்து தரும் திட்டமும் நடந்தது. மக்களோடு உட்கார்ந்து பேச வாரியத்தில் சமுதாய வளர்ச்சிப் பிரிவு உருவானது. ஜல்லி, சிமென்ட், கம்பி மட்டும் தெரிந்தால் போதாது, கூட்டம் நடத்தவும் தெரிய வேண்டும் என்று அரசு அலுவலகமே ஒப்புக்கொண்டதற்கு அது அடையாளம். 1985-ல் ஹட்கோ தன் பயிற்சி நிறுவனத்தை டெல்லியில் தொடங்கியது. வாரிய ஊழியர்கள், நகராட்சி அலுவலர்கள், தொண்டு நிறுவனத்தார் என்று பலரும் அங்கே போய்ப் படித்துத் திரும்பினார்கள்.

அதே காலத்தில் கேரளத்தின் கொல்லத்தில் வேறொரு வழி திறந்தது. கடலோர மக்கள் வெள்ளத்தில் வீடிழந்தபோது, மாவட்ட ஆட்சியராக இருந்த சி.வி. ஆனந்த போஸ் நிர்மிதி கேந்திரம் என்ற கட்டட மையத்தைத் தொடங்கினார். அங்கே பாடம் படித்தவர்கள் கொத்தனார், சித்தாள், தச்சர். குறைந்த செலவில் சுவர் எழுப்புவது, வீட்டுப் பாகங்களை முன்னதாகவே வார்த்து வைப்பது போன்றவற்றைக் கையால் செய்தே கற்றார்கள். திருவனந்தபுரத்தில் லாரி பேக்கர் ஏற்கெனவே காட்டியிருந்த சிக்கனக் கட்டுமானம் இதற்கெல்லாம் ஊக்கமாக இருந்தது. 1988-ல் மத்திய அரசு இந்த மாதிரியை நாடு முழுக்கக் கொண்டுபோக முடிவு செய்தது. பயிற்சி என்றால் ஏ.சி. அறையில் அதிகாரிக்கு மட்டும் என்ற எண்ணத்தை உடைத்தது இந்த முயற்சிதான்.

ஆழிப்பேரலைக்குப் பிறகு

இனி நம் பக்கத்துக்கு வருவோம். 2004 டிசம்பர் 26-ன் சுனாமியில் நாகப்பட்டினம் பட்ட பாட்டை எல்லோரும் அறிவார்கள். நம் மாவட்டத்தின் பழவேற்காடு கரையிலும் மீனவக் கிராமங்கள் அடிபட்டன. தமிழ்நாட்டுக் கரை முழுவதும் பல்லாயிரக்கணக்கான வீடுகள் புதிதாக வேண்டியிருந்தன. அரசு ஒரு முறையை அறிவித்தது. நிலம் அரசு தரும், வீட்டைத் தொண்டு நிறுவனம் கட்டித் தரலாம். ஒரு வீடு சுமார் 325 சதுர அடி, மதிப்பு ஒன்றரை லட்சம் ரூபாய். ஆட்சியரும் தொண்டு நிறுவனமும் ஒப்பந்தம் போட்டுக்கொள்ள வேண்டும்.

நல்ல மனத்தோடு பல நிறுவனங்கள் வந்தன. அவற்றில் பெரும்பாலானவை அதுவரை ஒரு வீடுகூடக் கட்டியதில்லை. கல்வி, மருத்துவம், சுய உதவிக் குழு என்று இயங்கி வந்தவர்கள் திடீரென்று அஸ்திவாரம், கடலோர ஒழுங்குமுறை மண்டலம், பட்டா, ஒப்பந்ததாரர் பில் என்று பேச வேண்டியதாயிற்று. தெரியாமல் செய்ததன் விலை உடனே தெரிந்தது. தற்காலிகக் குடியிருப்புகள் பல தார் ஷீட்டால் போடப்பட்டன. கடற்கரை வெயிலில் அவற்றுக்குள் பகலில் உட்கார முடியாது என்று மக்கள் கதறினார்கள். அந்தக் கூரையின் கீழ் இருக்கப்போகிறவரை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும்.

அப்போதுதான் பயிற்சி அவசரத் தேவையானது. நாகப்பட்டினத்தில் சினேகா, தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பான சிஃப்ஸ் ஆகிய அமைப்புகளின் முயற்சியில், மாவட்ட நிர்வாகத்தோடு இணைந்து, 2005 ஜனவரியில் ஒருங்கிணைப்பு மையம் ஒன்று உருவானது. எந்தக் கிராமத்தில் யார் என்ன செய்கிறார்கள் என்று தினமும் பகிர்ந்துகொண்டார்கள். கட்டுமானத் தரம், நிலநடுக்கம் தாங்கும் முறைகள், மக்களோடு கலந்து பேசும் விதம் பற்றிப் பயிலரங்குகள் நடந்தன, கொத்தனார்களுக்குப் பயிற்சி தரப்பட்டது. தரங்கம்பாடியிலும் சின்னங்குடியிலும் சிஃப்ஸ் கட்டிய வீடுகளுக்கு, பேக்கரின் வழியில் வந்த கட்டடக் கலைஞர் பென்னி குரியகோஸ் பொறுப்பேற்றார். ஒரே அச்சில் நூற்றுக்கணக்கான வீடுகளை வார்க்காமல், குடும்பங்களோடு பேசி வடிவம் முடிவு செய்யப்பட்டது. திண்ணை எங்கே, அடுப்பு எந்தப் பக்கம், வலையை எங்கே வைப்பது என்பதெல்லாம் அங்கே பாடமாயின.

நம் கும்மிடிப்பூண்டியிலேயே இன்னொரு பாடம் இருக்கிறது. 1990 வாக்கில் கடல் கடந்து வந்த ஈழத் தமிழர்களின் பெரிய முகாம்களில் ஒன்று இங்கே இருக்கிறது. தற்காலிகம் என்று கொடுத்த சிறு அறைகளில் ஒரு தலைமுறையே பிறந்து வளர்ந்து திருமணமும் செய்துகொண்டது. 1984-ல் எஸ்.சி. சந்திரஹாசன் தொடங்கிய ஓஃபர் என்ற ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம், முகாம்களில் வெளியாட்களை அமர்த்தாமல் முகாம் மக்களையே பயிற்றுவித்துப் பொறுப்பில் வைத்தது. சுகாதாரம், கல்வி, கணக்கு, பெண்கள் குழு எல்லாவற்றிலும் முகாமிலேயே ஆட்கள் உருவானார்கள். 2021-ல் தமிழ்நாடு அரசு இவற்றை இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள் என்று பெயர் மாற்றி, பழுதடைந்த 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டித் தருவதாக அறிவித்தது. அதற்கு முன் அத்தனை ஆண்டுகள் அந்தச் சிறு அறைகளை ஒட்டுப்போட்டுத் தாங்கிப் பிடித்தவர்கள் அங்கே வாழ்ந்தவர்களே.

விரிசலைக் கவனித்தவர்கள்

அதே 2021 இரண்டு சம்பவங்களையும் நமக்குத் தந்தது. ஆகஸ்டில் புளியந்தோப்பு கே.பி. பார்க் அடுக்குமாடியில், கட்டி அதிக காலம் ஆகாத சுவர்களில் கை வைத்தால் பூச்சு உதிர்ந்ததை மக்களே செல்போனில் படம் எடுத்து உலகத்துக்குக் காட்டினார்கள். ஆய்வு ஐ.ஐ.டி. மெட்ராஸின் மையம் ஒன்றிடம் ஒப்படைக்கப்பட்டது. டிசம்பர் 27 அன்று திருவொற்றியூரில் வாரியத்தின் பழைய அடுக்குமாடித் தொகுதி ஒன்று, 24 வீடுகளோடு, சரிந்து விழுந்தது. ஒருவர்கூட இறக்கவில்லை. விரிசல் விடுவதைக் கவனித்து, ஒருவருக்கொருவர் குரல் கொடுத்து, எல்லோரும் முன்கூட்டியே வெளியே வந்துவிட்டதுதான் காரணம்.

திருவொற்றியூர்க்காரர்களுக்கு யாரும் சான்றிதழ் கொடுத்ததில்லை. ஆனாலும் ஒரு குடியிருப்பு ஊழியருக்குத் தெரிய வேண்டிய முதல் பாடம் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. பார்க்க வேண்டும், பார்த்ததைச் சொல்ல வேண்டும், சொன்னதும் நகர வேண்டும். இதைத் தற்செயலுக்கு விடாமல் பழக்கமாக்குவதுதான் பயிற்சி.

இப்போது நம் முறை

நலச் சங்கம் வேறு, வாரியமும் தொண்டு நிறுவனமும் வேறு என்று நினைக்க வேண்டாம். நாமும் லாப நோக்கமில்லாமல் பொதுப்பணத்தில் குடியிருப்பை நடத்துகிறவர்கள்தான். 1975-ம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் நம்மிடம் ஆண்டுக் கணக்கும் பொதுக்குழுவும் கேட்கிறது. அடுக்குமாடிகளுக்கு 1994-ம் ஆண்டின் சட்டத்துக்குப் பதிலாக 2022-ம் ஆண்டின் தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமையாளர் சட்டம் 2024-ல் நடைமுறைக்கு வந்துவிட்டது. மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் பழைய கட்டடத்தை இடித்துக் கட்டலாம் என்கிறது அது. இவ்வளவு பெரிய முடிவை எடுக்கும் அதிகாரம் நமக்கு வந்திருக்கிறது. அந்த முடிவுக்கு முன் கட்டடத்தின் நிலையைப் படித்துப் பார்க்கத் தெரிந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்?

இன்னும் கடுமையான ஒன்று உண்டு. நம் பகுதியில் பாதாளச் சாக்கடை எட்டாத வளாகங்கள் செப்டிக் டேங்கை நம்பித்தான் இருக்கின்றன. டேங்க் நிறைந்ததும், அடைப்பு எடுக்க ஒருவரை உள்ளே இறங்கச் சொல்வது பல இடங்களில் இன்னும் நடக்கிறது. உள்ளே சேர்ந்திருக்கும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு அளவு மீறினால் மூக்கு அதை உணரும் சக்தியையே இழந்துவிடும். நாற்றம் இல்லை, ஆபத்து இல்லை என்று நினைத்து இறங்கியவர் மயங்குவார், காப்பாற்றக் குதித்தவரும் மயங்குவார். பாதுகாப்புச் சாதனங்கள் இல்லாமல் ஒருவரை இப்படி இறக்குவது 2013-ம் ஆண்டின் சட்டப்படி குற்றம். முதல் முறைக்கே இரண்டாண்டு வரை சிறையோ இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். இப்படி இறந்தவரின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. சட்டமும் பணமும் இருக்கட்டும், போன உயிர் திரும்புமா? இயந்திரம் வைத்து எடுக்க 14420 என்ற இலவச எண்ணை அழைக்கலாம். இந்த எண் உங்கள் வாட்ச்மேனுக்குத் தெரியுமா, பிளம்பருக்குத் தெரியுமா, உங்களுக்குத் தெரியுமா?

ஆகவே ஒரு யோசனையை உங்கள் முன் வைக்கிறோம். ஒவ்வோர் ஆண்டும் வடகிழக்குப் பருவமழைக்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அரை நாள் பயிலரங்கு. மேடை வேண்டாம், பொன்னாடை வேண்டாம். ஆக்டேவியா ஹில் செய்தது போல, கெடஸ் சொன்னது போல, முதலில் எல்லோரும் வளாகத்தைச் சுற்றி நடப்போம். மொட்டை மாடி, மேல்நிலைத் தொட்டி, சம்ப், மோட்டார் அறை, மின் பேனல், செப்டிக் டேங்க் மூடி, 2003-ல் சட்டம் கட்டாயமாக்கியபோது தோண்டி இன்று மண் மூடிக் கிடக்கும் மழைநீர் சேகரிப்புக் குழி என ஒவ்வொன்றையும் பார்ப்போம். கண்ட விரிசலைத் தேதி போட்டுப் படம் எடுத்து ஒரு நோட்டில் ஒட்டுவோம். அடுத்த ஆண்டு அதே இடத்தில் நின்று ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

பிறகு ஒரு மணி நேரம் கணக்கு. வரவு செலவை எப்படிப் படிப்பது, கார்பஸ் ஃபண்டில் எதற்குக் கை வைக்கலாம், எதற்கு வைக்கக் கூடாது என்று பொருளாளரே விளக்கட்டும். கணக்கு கேட்பது அவரைச் சந்தேகப்படுவது ஆகாது, அவருக்குத் துணை நிற்பதுதான். கடைசியாக அவசர காலப் பயிற்சி. 2015 வெள்ளத்தையும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலையும் பார்த்தவர்கள் நாம். மெயின் சுவிட்சை யார் அணைப்பது, தரைத்தள வீடுகளில் தனியாக இருக்கும் முதியவர்களை யார் மேலே அழைத்து வருவது என்று பெயர் போட்டு எழுதி வைப்போம்.

இந்தப் பயிலரங்குக்கு நிர்வாகிகள் மட்டும் வந்தால் பாதி வேலைதான் நடக்கும். கூட்டுறவு இயக்கம் அந்த வழியில் போய்ப் பார்த்துவிட்டது. வாட்ச்மேன், தூய்மைப் பணியாளர், பிளம்பர், எலக்ட்ரீஷியன் எல்லோரும் வர வேண்டும், அந்த அரை நாளுக்கும் அவர்களுக்குச் சம்பளம் உண்டு என்று முன்பே சொல்லிவிட வேண்டும். மோட்டார் சத்தம் மாறினால் முதலில் கேட்பது அவர்கள் காதுதான். வாடகைக்கு இருப்பவர்களும் வர வேண்டும். தொழிற்பேட்டைக்கு வேலைக்கு வந்து நம்மோடு தங்கியிருக்கும் வெளி மாநிலத் தம்பிகளுக்கு இந்தியில் சொல்லக்கூடிய ஒருவர் நம் வளாகத்திலேயே இருப்பார், அவரையும் அழைப்போம்.

வரும் பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவர எண்ணியிருக்கிறோம். கட்டடப் பொறியாளர், தணிக்கையாளர், தீயணைப்புத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர் என்று நம்மிடையே இருப்பவர்கள் ஆளுக்கு அரை மணி நேரம் தந்தால் வெளியிலிருந்து யாரையும் அழைக்க வேண்டிய தேவை இருக்காது. நீங்கள் எதைச் சொல்லித்தர முடியும், எதைத் தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள் என்று இரண்டு வரி எழுதிச் சங்க அலுவலகத்தில் கொடுங்கள். மழைக்கு இன்னும் நேரம் இருக்கிறது.